தண்ணீர்க் குழாயும் வாத்தியார் அனுமதியும்

புனேவுக்குக் குடிவந்து பன்னிரண்டு வருஷமாகிறது. போன மாதம் சாப்பிடும்போது, மூன்றாவது படிக்கும் என் மகள் சர்வ சாதாரணமாகச் சொன்னாள்: "அவன் ஆர்.டி.இ. பையன்ப்பா. மிஸ் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

அந்தப் பையனுடைய அம்மா எங்கள் குடியிருப்பில் நாலு வீட்டில் வேலை செய்கிறவர். ஒரு சட்டத்தின் பெயர் எட்டு வயசுப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாகத் தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். பள்ளிக் கதவைச் சட்டம் திறந்துவிட்டது. ஆனால் உள்ளே வந்த பிள்ளையை என்னவென்று கூப்பிடுவது என்பது ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

இந்த ஊருக்கு இது புதுசில்லை. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848-ல் பெண்களுக்காகப் பள்ளி திறந்தது இங்கே பிடே வாடாவில்தான். பாடம் நடத்தப் போகும் சாவித்திரிபாய் மீது வழியில் சாணியையும் கல்லையும் எறிந்தார்கள், அவர் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு போவார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். புலே தம்பதியின் பள்ளியில் படித்த முக்தா சால்வே, மாங் சாதிச் சிறுமி. 1855-ல் மாங், மகார் மக்களின் துயரம் பற்றி அவள் எழுதிய கட்டுரை ஞானோதய பத்திரிகையில் வெளிவந்தது. கூரையில்லாத வீட்டில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் பெண்களைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறாள். பிறப்பைப் பார்த்து ஒதுக்காத ஆசிரியர் கிடைத்ததும் அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது.

ஆனால் அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் கழித்து, இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருக்கும் சாதாராவில் என்ன நடந்தது? 1900-ல் அரசுப் பள்ளியில் சேர்ந்த அம்பேத்கர் வகுப்பின் மூலையில் தனியாகச் சாக்குத்துணி போட்டு உட்கார்ந்தார். பள்ளியைப் பெருக்குகிற ஆள் அந்தச் சாக்கைத் தொட மாட்டார். அதனால் தினமும் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டு வரணும். இதையெல்லாம் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் அவரே எழுதியிருக்கிறார். மற்ற பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்தால் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்து குடிக்கலாம். இவருக்கு ஆசிரியர் அனுமதி கொடுத்தும் பிரயோஜனமில்லை. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர்.

அந்த ஆசிரியர் கெட்டவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'சரி' என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பார். எழுந்து போய்த் தானே குழாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வேறு மாதிரி ஆசிரியரும் அவருக்குக் கிடைத்தார். பம்பாயில் மாலை நேரத்தில் பூங்காவில் உட்கார்ந்து படிக்கும் பையனைக் கவனித்த கேளுஸ்கர், இன்னொரு பள்ளியின் ஆசிரியர். வலியப் போய்ப் பேசினார். தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னால் பரோடா மன்னரின் உதவி கிடைக்கவும் முயன்றார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் படித்த பள்ளியில் வாத்தியாருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வருவது என் வேலை. அப்பா பேங்க் குமாஸ்தா. வகுப்பைப் பெருக்குவது தெருக்கோடியிலிருந்து வரும் ஒரு பையன் வேலை. எட்டாவதோடு நின்றுவிட்டான். தண்ணீர் கொண்டு போவதில் எனக்கு ஒரே பெருமை. அவன் கையில் ஏன் எப்போதும் விளக்குமாறு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மகளின் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். ஆபீஸ் பட்டியலில் அப்படி இருக்கிறது, அதுவே வாயில் வந்துவிட்டது என்றார். முகம் சுருங்கிவிட்டது. இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாராம்.

வெளியூரில் நம் பிள்ளையை யாராவது 'மதராசி' என்றால் நமக்கு எப்படிச் சுருக்கென்று குத்துகிறது! உங்கள் பிள்ளையிடம் மார்க் கேட்கும்போது இதையும் கேளுங்கள்: பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையை டீச்சர் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்?