நேர்முகத் தேர்வு: செய்ததைச் சொல்வது தற்பெருமை அல்ல

எஸ்பிஎம் சான்றிதழ் கையில் இருக்கிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டு அழைப்பும் வந்துவிட்டது. ஆனாலும் நேர்முகத் தேர்வு அறையில் நான்கு வார்த்தை பேசுவதற்குள் தொண்டை அடைத்து, வெறுங்கையோடு வீடு திரும்பும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. பெரியவர்கள் முன் அதிகம் பேசாதே, உன்னை நீயே புகழாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். வீட்டில் அது அடக்கம். தேர்வாளரின் தாளில் அது 'பதில் இல்லை' என்று பதிவாகிறது. இந்தத் தயக்கத்தை முன்கூட்டிய பயிற்சியால் போக்கலாம்.

எந்த மொழியில் பேசுவது?

கூட்டரசு அரசாங்க வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ ஆள் எடுக்கிறது. ஆசிரியர்களுக்குத் தனியாகக் கல்விச் சேவை ஆணையம் உண்டு. இங்கெல்லாம் தேசிய மொழியே முதன்மை. தனியார் நிறுவனங்களில் மலாய், ஆங்கிலம் இரண்டும் கலந்து வரலாம்.

எஸ்பிஎம் மலாய் மொழியில் நல்ல புள்ளி பெற்றவர்கூட வாய்விட்டுப் பேசும்போது தடுமாறுவதுண்டு. கட்டுரை எழுதிய மொழி வேறு, நாவில் புரளும் மொழி வேறு. எனவே பதில்களைத் தமிழில் யோசித்து அறையில் மொழிபெயர்க்க முயல வேண்டாம். எந்த மொழியில் கேட்பார்களோ அந்த மொழியிலேயே தினமும் அரை மணி நேரம் சத்தமாகச் சொல்லிப் பழகலாம். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் எங்கே தடுக்குகிறது என்பது தெரிந்துவிடும்.

முதல் கேள்வி

'செரித்தாகான் தெந்தாங் டிரி அண்டா', அதாவது 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. பெயர், ஊர், அப்பா அம்மா வேலை, எத்தனை உடன்பிறப்பு என்று பலர் குடும்ப அட்டையை ஒப்பிக்கிறார்கள். ஊரும் குடும்பமும் ஒரு வாக்கியத்தில் முடியட்டும். அடுத்துப் படிப்பு, செய்த வேலை அல்லது வகித்த பொறுப்பு, இந்த வேலைக்கு ஏன் வந்திருக்கிறார் என்ற மூன்றும் வர வேண்டும். ஒன்றரை நிமிடம் போதும்.

பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. அதற்காக வறுமையைச் சொல்லி இரக்கம் தேடவும் வேண்டாம். கேட்பவர் அறிய விரும்புவது, இந்தப் பிள்ளை வேலையைச் செய்து முடிப்பாரா என்பதைத்தான்.

அனுபவம் இல்லை என்று சொல்லலாமா?

'பொறுப்பானவன்', 'கடின உழைப்பாளி' என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்குச் சான்று ஒரு சம்பவம். என்ன சூழல், தம்மிடம் இருந்த பொறுப்பு என்ன, என்ன செய்தார், எப்படி முடிந்தது என்ற வரிசையில் அதைச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக:

"எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நன்கொடை ரசீது எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மூன்று நாளும் இரவில் பணத்தை எண்ணி ரசீதோடு சரிபார்த்தேன். இரண்டாம் நாள் 50 வெள்ளி குறைந்தது. பிறகு தருவதாகச் சொன்ன ஒருவருக்கு முன்னதாகவே ரசீது எழுதியதைக் கண்டுபிடித்தேன். மறுநாள் அதைச் செயலாளரிடம் சொல்லிக் கணக்கை நேர் செய்தேன்."

இதில் ஒரு சொல்கூடத் தற்பெருமை இல்லை. ஆனால் நேர்மை, கணக்கு, பொறுப்பு மூன்றும் தெரிகின்றன. பள்ளி விடுமுறையில் கடையில் வேலை பார்த்தது, தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, புறப்பாட நடவடிக்கையில் பதவி வகித்தது ஆகியவையும் இப்படிப்பட்ட அனுபவங்களே. குறைந்தது மூன்று சம்பவங்களைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

வேலையைப் பற்றிய அறிவு

விண்ணப்பித்த பதவியின் அன்றாடப் பணி என்ன, அந்த இலாகா எந்த அமைச்சின் கீழ் வருகிறது, அமைச்சர் யார் என்பவற்றைத் தேர்வுக்கு முதல் நாள் மீண்டும் சரிபார்க்க வேண்டும். 1970இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளும் நினைவில் இருக்கட்டும். தனியார் நிறுவனம் என்றால் அதன் தயாரிப்பு, கிளைகள், ஷிஃப்ட் நேரம் ஆகியவற்றை விசாரித்துக்கொள்ளலாம்.

சம்பளம் எவ்வளவு கேட்பது?

தனியார் துறையில் தவறாமல் வரும் கேள்வி இது. 2025ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் தொழிலாளியின் இபிஎஃப் சந்தா 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. சொக்சோ சந்தாவும் கழியும். தோட்டத்திலிருந்து நகருக்கு வேலைக்குப் போகிறவர் அறை வாடகையையும் போக்குவரத்தையும் கணக்கிட்டு, ஒரு தொகையை மனத்தில் வைத்துச் செல்ல வேண்டும். 'எவ்வளவு கொடுத்தாலும் பரவாயில்லை' என்பது பணிவாகத் தோன்றினாலும் பிறகு வருத்தத்தில் முடியும்.

வேலை தருவதற்கு முன்பே 'பதிவுக் கட்டணம்' கேட்டால் அது மோசடி என்றே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எஸ்பிஏ பதிவும், சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளமும் இலவசம். ஏமாந்து பணம் செலுத்திவிட்டால் தாமதிக்காமல் 997 எண்ணை அழைக்கலாம்.

முதல் நாளும் அன்றும்

மைகார்டு, பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் மற்றும் உயர்கல்விச் சான்றிதழ்கள், பள்ளி விடுகைச் சான்றிதழ், புறப்பாடச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் அசலும் நகலும் அழைப்புக் கடிதத்தில் உள்ள வரிசைப்படி ஒரே ஃபைலில் இருக்கட்டும். உடையைப் பற்றிக் கடிதம் சொல்வதையே பின்பற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளில் செல்பவர் மாற்றுச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டால் மழை வந்தாலும் கவலையில்லை. அப்பாவோ அண்ணனோ துணைக்கு வரலாம். ஆனால் பதிவு மேசைக்கு விண்ணப்பதாரரே தனியாகச் செல்லட்டும்.

கேள்வி புரியாவிட்டால் மீண்டும் கேட்கும்படி பணிவோடு சொல்லலாம். பதில் தெரியாவிட்டால் 'சாயா குராங் பாஸ்தி' என்று ஒப்புக்கொள்வது, தவறான பதிலை உறுதியாகச் சொல்வதைவிட மேல். கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதில் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

வீடு திரும்பிய அன்றே, கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இந்த முறை வேலை கிடைக்காவிட்டால் அடுத்த அழைப்புக்கு உதவும். கிடைத்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உதவும்.