யாருக்காகச் செத்தார்?

ஏசு எல்லாருக்காகவும் செத்தாரா, சிலருக்காக மட்டுமா? தூத்துக்குடிக் கரையில் இது வெறும் ஞானோபதேசக் கேள்வியாக இருந்ததில்லை. இந்தக் கேள்விக்கு எதிரெதிர்ப் பதில் வைத்திருந்த இரண்டு கூட்டங்கள் முத்துக்குளித்துறையில் மோதிக்கொண்டன.

1618-19ல் ஒல்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் கால்வினியச் சபைகள் கூடின. ஏசுவின் சாவு உலகம் முழுவதற்கும் போதுமானது, ஆனால் பலன் கடவுள் முன்னமே தெரிந்துகொண்டவர்களுக்கு மட்டும் என்று தீர்த்தன. 'எல்லாருக்கும்' என்று வாதாடிய ஆர்மினியசின் ஆட்கள் பதவி இழந்தார்கள். ரோமாபுரியிலோ தீர்ப்பு நேர்மாறு: எல்லாருக்காகவும் செத்தார் என்பதை மறுத்த ஜான்சேனியர் கருத்தை 1653ல் பத்தாம் இன்னொசென்ட் பாப்பு கண்டித்தார்.

ஐந்தே வருஷம். 1658ல் டச்சுக் கம்பெனி போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. கூடவே பாதிரி பால்டேயஸ் வந்து இறங்கினார். 1530களில் முழுக்கு வாங்கி, 1542ல் வந்த சவேரியாரிடம் செபம் படித்த பரதவர்கள் அசைந்து கொடுக்கவில்லை.

எனக்கு உறைப்பது வேறொன்று. அதே டோர்ட் சங்கத்துக்குக் கிழக்கிந்தியாவிலிருந்து ஒரு கேள்வி போயிருந்தது: கிறிஸ்தவ வீடுகளில் வளரும் அஞ்ஞானிப் பிள்ளைகளுக்கு முழுக்குக் கொடுக்கலாமா? பாடம் படித்து, விசுவாசத்தை வாய்விட்டுச் சொல்லும்வரை கூடாது என்றது சங்கம். முழுக்கு வாங்கியவர்களுக்கு மற்றக் கிறிஸ்தவரைப் போலச் சம சுதந்தரம் வேணும் என்றார் ஜெனிவாவிலிருந்து வந்த தியோதாத்தி. அப்படின்னா, எந்த எசமான் ஓடிப்போய் அடிமைக்கு முழுக்குக் கொடுப்பான்?

போரும் வரியும் நசுக்கிய 1673-77ல் மதுரைக் கரையிலிருந்து கம்பெனி ஏற்றுமதி செய்த அடிமைகள் 1839 பேர். அந்த மாதிரிக் காலத்தில் முதலில் விலைபோகிறவன் யார் என்று சேரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'எல்லாருக்கும்' என்ற பக்கமும் லேசுப்பட்டதல்ல. உள்நாட்டு மிஷனில் சாமியார்கள் பறையர் குடிசைக்குள் போக மறுத்தது ரோமாபுரிவரை வழக்கானது. 1744ல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பு ஆணையிட்டபோது, சேசுசபை முன்வைத்த ஏற்பாடு என்ன தெரியுமா? பறையருக்கென்று தனிச் சாமியார்கள்! மீட்பு ஒன்றுதான், அதைக் கொண்டுவருகிற கைதான் வேறு வேறு.

வடக்கன்குளத்தில் 1872ல் கட்டி முடித்த கோயிலுக்கு இரண்டு சிறகு. வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. பீடம் மட்டும் பொது. 1910ல் பங்குச் சாமியார் தடுப்பை இடித்தார். வெள்ளாளர் வழக்குப் போட்டு, கடைசியில் சென்னை ஐகோர்ட்டில் தோற்றார்கள்.