வலிக்காத காலின் கதை

1/ பழவேற்காடு ஏரியில தண்ணி குறைஞ்ச இடத்துல பெண்கள் சேத்துல இறங்கி கையாலயே இறால் பிடிப்பாங்க. வெறுங்கால். அடியில சிப்பி ஓடு. குத்தினா வலிக்கும், உடனே காலை எடுத்துடுவாங்க. சர்க்கரை நோயில உணர்ச்சி போன காலுக்கு அந்த வலி தெரியாது. புண் அங்கதான் ஆரம்பிக்குது.

2/ "சுகர் காலை அழுக வச்சிடுச்சு டாக்டர்"னு சொல்லுவாங்க. ஒரு காலத்துல தொழுநோயையும் இப்படித்தான் சொன்னாங்க. அது தப்புன்னு காட்டினது நம்ம தமிழ்நாட்டுல நடந்த வேலை.

3/ பால் பிராண்ட். 1914ல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். லண்டனில் படித்து, 1946ல் வேலூர் சிஎம்சிக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளைக் கூடவே இருந்து கவனிச்சார். விரல் தானா உதிரல. நோய் நரம்பைக் கெடுக்குது. வலி தெரியாததால புண் மேலேயே நடக்கிறாங்க!

4/ தீர்வு? பாதத்தை ஒட்டின மாவுக்கட்டு. இலங்கையில் மில்ராய் பால் 1930களிலேயே செய்தது. எடை ஒரே இடத்துல விழாம பாதம் முழுக்கப் பரவும், புண் ஆறும்.

5/ ஆறின புண் திரும்பாம இருக்க? மெத்துன்னு இருக்கும் எம்.சி.ஆர் ரப்பர் செருப்பு. வேலூரிலும், 1955ல் தொடங்கிய கரிகிரி மையத்திலும் வளர்ந்த முறை. அரசு தொழுநோய்த் திட்டத்துல இன்னைக்கும் கொடுக்கிறோம்.

6/ 1966ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் போனார். சின்ன அழுத்தம்கூட ஒரே இடத்துல ஆயிரக்கணக்கான தடவை விழுந்தா சதை புண்ணாகும்னு எலிகளின் பாதத்தில் சோதிச்சுக் காட்டினார். சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதே கணக்குதான். பயோமெக்கானிக்ஸ்னு பெரிய பேரா சொல்றது இதைத்தான்.

7/ "பிஜி என்ன எடுக்கப் போற?"ன்னு கேட்கிறாங்க. பாத மருத்துவமும் பயோமெக்கானிக்ஸும் படிக்கலாமான்னு யோசிக்கிறேன்னு சொன்னா, "செருப்பு தைக்கவா?"ன்னு சிரிப்பு. கரிகிரியில காலைக் காப்பாத்தினது ஆபரேஷன் தியேட்டர் மட்டும் இல்லைங்க, செருப்புப் பட்டறையும்தான்.

8/ ஆனா ஒண்ணு. அந்தச் செருப்பு தரையில நடக்கிறவங்களுக்கு. ஏரிச் சேத்துல அது கழண்டுடும். "செருப்பு போடும்மா"ன்னு சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு, அவங்க மறுநாள் வெறுங்காலோட ஏரியில இறங்குவாங்கன்னு தெரிஞ்சே அனுப்புறேன். சேத்துல நிக்கிற காலுக்கு என்ன போடலாம்? படிச்சா இதுக்காகத்தான் படிக்கணும்.

9/ அதுவரைக்கும் ஒரு வேலை: வீட்டுல சுகர் உள்ளவங்க இருந்தா இன்னைக்கு ராத்திரி அவங்க உள்ளங்காலைப் பாருங்க. வலிக்குதான்னு கேட்காதீங்க. கண்ணால பாருங்க.