கபச்சுரப்பி

பிட்யூட்டரி என்று நாம் சொல்வதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கபச்சுரப்பி என்கின்றன. மூலச்சொல்லுக்கு உண்மையான பெயர்ப்பு அது. லத்தீனில் ‘பிட்யூட்டா’ என்றால் கபம். ஆனால் மூளைக்கு அடியில், எலும்புக் குழிக்குள், ஒரு காம்பில் தொங்கும் அந்த அரை கிராம் சதையில் கபம் சுரப்பதே இல்லை.

மூளையின் கழிவு அந்தக் காம்பு வழியே வடிந்து மூக்குக்கு வருகிறது என்றார், இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன். 1543இல் வெசாலியஸும் தம் உடற்கூற்று நூலில் அதைக் கபம் வடியும் சுரப்பி என்றே குறித்தார். 17ஆம் நூற்றாண்டில் ஷ்னைடரும் ரிச்சர்ட் லோவரும் அப்படியொரு வழியே இல்லை என்று காட்டினார்கள். சளி மூக்கின் சவ்வில்தான் ஊறுகிறது. கொள்கை போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

1905இல் ஸ்டார்லிங், தூண்டுவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹார்மோன்’ என்ற பெயரைத் தந்தார். தைராய்டு, அட்ரினல், சூலகம், விந்தகம் எல்லாவற்றையும் தூண்டுவது பிட்யூட்டரி என்று தெரிந்தபோது அதற்குத் ‘தலைமைச் சுரப்பி’ என்ற பட்டமும் கிடைத்தது. இந்தப் பட்டம்தான் பழைய பெயரைவிட அதிகமாக வழிதவற வைக்கிறது என்பேன்.

காம்பில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இருப்பதை 1930இல் போப்பாவும் ஃபீல்டிங்கும் விவரித்தார்கள்; ரத்தம் மேல்நோக்கி ஏறுவதாக நினைத்தார்கள். பிட்யூட்டரிக்கு மேலே உள்ள மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து அது கீழே இறங்குகிறது, கூடவே மூளையின் ரசாயன ஆணைகளும் இறங்குகின்றன என்று வாதாடியவர் ஜெஃப்ரி ஹாரிஸ். 1952இல் அவரும் யாக்கப்சனும் பெண் எலிகளின் பிட்யூட்டரியை அகற்றிவிட்டு, வேறொரு பிட்யூட்டரியை மூளையின் பக்கவாட்டில் பதித்தார்கள். அது வேலை செய்யவில்லை. ஹைப்போதலாமஸுக்கு நேர் கீழே பதித்தபோது குழாய்கள் மீண்டும் முளைத்தன, இனப்பெருக்கச் சுழற்சியும் திரும்பியது. என்ன அழகான சோதனை! கேலன் பொருளில் தவறினார், திசையில் தவறவில்லை.

இறங்கும் ஆணைகளில் முதலாவதை 1969இல் கியெமனும் ஷாலியும் தனித்தனியே இனங்கண்டார்கள். அதற்காக ஆடு, பன்றி மூளைகளை லட்சக்கணக்கில் அரைக்க வேண்டியிருந்தது. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஆணை பிட்யூட்டரியை டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது, டி.எஸ்.எச். தைராய்டைத் தூண்டுகிறது, தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு சேர்ந்ததும் மேலுள்ள இரண்டையும் அடக்குகிறது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தால், தைராய்டு தளர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் முதலில் பார்ப்பது இதனால்தான்.