ரோமாபுரியின் விசேஷப் பள்ளியும் மாண்டிசோரி முறையின் தோற்றமும்

மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்வி முறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும், 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோமாபுரியில் சான் லோரன்ஸோ என்னும் ஏழை மக்கள் வட்டாரத்தில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டதையே ஆதியாகக் கொண்டு, அதற்கு ஏழாண்டு முன்பே, கற்க இயலாதவர் என்று பள்ளிகள் தள்ளிவிட்ட பிள்ளைகளுக்காக அந்நகரில் அவர் நடத்திய பள்ளியைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றனர். அம்முறையின் உபகரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் பூர்வோத்தரத்தை விசாரிப்போமாயின், பிற்காலத்துப் பிரசித்தி அனைத்திற்கும் மூலதனம் சேர்ந்தது அந்தப் பள்ளியிலேயே என்பது புலனாகும்.

அதற்கும் முன்னே ஒரு பரம்பரை உண்டு. பிரான்ஸ் தேசத்தின் ஆவெரோன் பிரதேசத்தில் 1800-இல் காட்டிலிருந்து வெளிப்பட்ட சிறுவனுக்கு, பாரிஸ் வைத்தியர் இத்தார் பல்லாண்டு இந்திரியப் பயிற்சி அளித்தும் பேச்சு வரவில்லை. ஆயினும் அவர் கையாண்ட உபாயங்களை அவருடைய மாணாக்கர் செகேன் விரித்து, 1846-இல் ஒரு நூலாகவே இயற்றினார். அரை நூற்றாண்டு கழித்து அவ்விருவர் நூல்களையும், ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக எடைபோட அவகாசம் வேண்டும் என்பதற்காகவே, இத்தாலிய மொழியில் தம் கையாலேயே எழுதிப் பெயர்த்தார் மாண்டிசோரி.

1896-இல் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், 1900-இல் தொடங்கிய அவ்விசேஷப் பள்ளியை மொன்டெசானோ என்னும் வைத்தியருடன் சேர்ந்து நிர்வகித்தபோது, நிர்வாகத்தோடு நில்லாமல் காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை தாமே போதித்தார். குறையுடையவளெனக் கருதப்பட்ட பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கைவலிமை இருந்தும், ஊசியை ஏற்றி இறக்கி இழையோட்டும் வித்தை மட்டும் எவ்வளவு சொல்லியும் கூடிவரவில்லை. தையலை நிறுத்திவிட்டு, குழந்தைக் கல்வியாளர் பிரோபெல் வகுத்தபடி காகிதப் பட்டைகளைப் பாய்போல் பின்ன அவளை விட்டு, அதில் அவள் தேர்ந்தபின் ஊசியை மீண்டும் கொடுத்தபோது, இழையோட்டம் தானே வந்துவிட்டது. ஒரு தொழிலுக்குரிய அசைவுகளை அத்தொழிலுக்குப் புறத்தே முன்கூட்டிப் பழக்கலாம் என்ற இந்தத் தத்துவத்தை, என் மதிப்பில் அம்மையாரின் கண்டுபிடிப்புகளுள் இதுவே தலையாயது, அவர் உடனே எழுத்துக்கும் பொருத்தினார். உயிரெழுத்துச் சிவப்பு, மெய்யெழுத்து நீலம் என வர்ணம் தீட்டிய மரவெழுத்துக்களைப் பிள்ளைகள் முதலில் விரலாலும், பின் எழுதுகோல்போல் பிடித்த குச்சியாலும் தடவித் தடவி, எழுதாமலே எழுத்தின் வடிவத்தைக் கைக்கொண்டனர்.

மனநோய் விடுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, பொதுப்பள்ளிப் பரீட்சையில் மற்றவரோடு அமர்ந்து தேறினர். உலகம் வியந்தது, அம்மையாரோ, நல்ல நிலையிலுள்ள பிள்ளைகளை இவர்கள் எட்டிப்பிடிக்கும் அளவுக்கு அவர்களுடைய கல்வி தாழ்ந்திருப்பது ஏன் என்று வினவினார். 1901-இல் அப்பள்ளியை விட்டு விலகிய பிறகு, அவ்வினாவே அவரைச் சான் லோரன்ஸோவுக்கு இட்டுச் சென்றது. அங்கே மரவெழுத்துச் செய்து தருவார் அகப்படாமையால் உப்புக்காகிதத்தில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டினார். இன்று அவர் பெயரைத் தாங்கும் பள்ளிகளிலெல்லாம் காணப்படும் சொரசொரப்பு எழுத்துக்கள், பொருட்குறையால் விளைந்த மாற்றமேயன்றி வேறல்ல.

1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தியபோது, அம்முறை பாலர் கல்வி என்றே அறியப்பட்டிருந்தது. நம் நாட்டில் அது பரவியதும் பாலர் பள்ளிகளின் வழியாகவே. கற்றல் இடர்ப்பாடுடைய பிள்ளைகளின் வகுப்பறைக்கு அது திரும்பி வரப் பல்லாண்டு பிடித்தது.