'அவருக்கு ஏன் ரத்தம் வருது?' - சிலுவையைப் பார்த்து குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

சர்ச்சுக்கு அழைத்துப்போன நாலு வயசுக் குழந்தை, பீடத்துக்கு மேலே இருக்கும் சிலுவையைக் காட்டி, "அவருக்கு ஏன் ரத்தம் வருது?" என்று சத்தமாகக் கேட்டுவிடும். பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "உஷ்... பேசாம ஜெபம் பண்ணு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

ஆனால் குழந்தை கேட்டது சரியான கேள்வி. நமக்குத்தான் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. சிலுவை என்பது ரோமப் பேரரசின் மரண தண்டனைக் கருவி. அடிமைகளையும் கலகம் செய்தவர்களையும் ஊரே பார்க்க அதில் தொங்கவிட்டுக் கொன்றார்கள்.

ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களே அந்தக் காட்சியைப் படமாக வரைவதைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் அவர்கள் விட்டுச்சென்றது மீன், நங்கூரம், ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பன் போன்ற படங்களைத்தான். சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களில் ஒன்று ரோமின் சாண்டா சபீனா ஆலயத்து மரக்கதவில் இருக்கிறது. அதன் காலம் 5-ம் நூற்றாண்டு.

எதில் தொடங்கலாம்?

அதே நல்ல மேய்ப்பனில் தொடங்கலாம். பைபிள் அறிஞரான சோபியா கவலெட்டி, 1954-ல் ரோமில் மாண்டிசோரி வழியில் மறைக்கல்வி தொடங்கியபோது சின்னக் குழந்தைகளுக்கு முக்கியமாகக் கொடுத்தது இந்தக் கதையைத்தான். சின்னதாக ஒரு ஆட்டுப்பட்டி, சில ஆடுகள், ஒரு மேய்ப்பன். குழந்தை தன் கையால் நகர்த்திப் பார்க்கும். 'இந்த ஆடுகள் நாமதான்' என்று பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்ல மாட்டார்கள். அதைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். நம்ம வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் ஆடுகளை எடுத்துக் கொடுத்தாலே போதும்.

சிலுவை பற்றி என்ன சொல்வது?

"உன் பாவத்துக்காகத்தான் செத்தார்" என்று நாலு வயசில் சொல்ல வேண்டாம். இறையியலில் அதற்கு ஆழமான விளக்கம் உண்டு. ஆனால் குழந்தைக்குப் புரிவது, 'நேத்து நான் தம்பியை அடிச்சேன், அதனால அவருக்கு ஆணி அடிச்சுட்டாங்க' என்பதுதான். அந்தப் பயத்தோடு தூங்கப்போகும்.

"அவர் எல்லார் மேலயும் அன்பா இருந்தார். அது பிடிக்காதவங்க அவரைக் கொன்னுட்டாங்க. ஆனா மூணாவது நாள் உயிரோட வந்துட்டார்னு நாம நம்புறோம்" என்று சொல்லலாம். கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. கத்தோலிக்கக் கோயில்களில் இயேசுவின் உருவத்தோடு இருக்கும் சிலுவை அவர் பட்ட பாட்டை நினைவூட்டுகிறது. சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் பெரும்பாலும் இருக்கும் வெறும் சிலுவையை, அவர் உயிர்த்துவிட்டார் என்பதன் அடையாளமாகச் சொல்வார்கள்.

"யாரு கொன்னாங்க?" என்பது அடுத்த கேள்வியாக வரும். இங்கே ரொம்பக் கவனம் தேவை. "யூதர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். மரண தண்டனையை நிறைவேற்ற உத்தரவிட்டவர் ரோம ஆளுநர் பிலாத்து. இயேசுவும் மரியாவும் சீடர்களும் யூதர்கள்தான். சிலுவையின் உச்சியில் இருக்கும் ஐ.என்.ஆர்.ஐ. என்ற நான்கு எழுத்துகளுக்கே லத்தீனில் 'நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்' என்றுதான் அர்த்தம். யூத மக்கள் எல்லோர் மீதும் இந்தப் பழியைப் போட முடியாது என்று 2-ம் வத்திக்கான் சங்கம் 1965-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

கையில் பிடிக்கும் பாடம்

விளக்கமே அதிகம் தேவைப்படாத அடையாளம், குருத்தோலை. இயேசு எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் ஓலை பிடித்து வரவேற்றதன் நினைவு அது. அவர் வந்தது போர்க்குதிரையில் இல்லை, கழுதையில். சண்டை போட வராத ராஜா என்று சொன்னால் குழந்தைக்கு உடனே புரியும்.

அன்றைக்கு ஓலையைச் சிலுவையாக மடிக்கக் கற்றுக்கொடுத்து, வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு முன்பு பல கோயில்களில் பழைய ஓலைகளைத் திரும்ப வாங்கி எரிப்பார்கள். நெற்றியில் பூசும் சாம்பல் அதிலிருந்துதான் வருகிறது. தான் மடித்த ஓலையைக் குழந்தையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.