சென்சாரைத் தாண்டிய கதைகளும் கையிலிருந்த சிகரெட்டும்

1/
நெஞ்சு வலின்னு வர்ற ஒருத்தருக்கு ஈசிஜி எடுத்துக்கிட்டே நான் கேட்கும் கேள்விகளில் மூன்று எப்பவும் மாறாது.
அப்பா, அம்மாவுக்கு இதய நோய் இருந்ததா?
எந்த வயசுல வந்தது?
சிகரெட், பீடி உண்டா?

2/
இந்த மூன்றுக்கும் மோசமான பதில் வைத்திருந்த ஒருவரைப் பற்றித்தான் இந்த இழை. பெயர் ராட் செர்லிங். அமெரிக்கத் தொலைக்காட்சியில் யாரும் பேச விடாத விஷயங்களை விஞ்ஞானக் கதைக்குள் ஒளித்து வைத்துப் பேசியவர். கொஞ்சம் நீளமான கதை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

3/
'ப்ளாக் மிரர்' பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. போன வாரம் வந்த நாயகன் இந்த வாரம் வரமாட்டான். ஆந்தாலஜின்னு சொல்றோமே, அது. இந்த வகைக்கு தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாம் 1950களில் இருக்காங்க. அங்கிருந்து ஆரம்பிப்போம்.

4/
1951 ஆகஸ்ட். ஏபிசி சேனலில் 'டேல்ஸ் ஆஃப் டுமாரோ' தொடங்குகிறது. அதற்கு முன்பே டிவியில் ராக்கெட், விண்வெளி வீரர் எல்லாம் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் சின்னப் பசங்களுக்கு. இது பெரியவர்களுக்கு. தியடோர் ஸ்டர்ஜன் போன்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர்கள் இதன் பின்னால் இருந்தார்கள். வாரம் அரை மணி நேரம், ஒரு புதுக்கதை.

5/
இதில் ஒரு விசேஷம், எல்லாமே நேரலை. நம்ம ஊர் நாடக மேடை மாதிரி. வசனம் மறந்தாலும் செட் ஆடினாலும் ஊரே பார்க்கும். 1952 ஜனவரியில் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' கதை. ராட்சசனாக நடித்தவர் லான் சானி ஜூனியர். நாற்காலியை ஆவேசமாகத் தூக்குகிறார். உடைக்காமல், பக்குவமாகக் கீழே வைக்கிறார்! இதை ஒத்திகைன்னு நினைச்சுட்டார் என்று இன்று வரை சொல்வார்கள்.

6/
நேரலைன்னா இப்போ எப்படிப் பார்க்கிறோம்? டிவி திரைக்கு எதிரே ஒரு ஃபிலிம் கேமராவை வைத்து, திரையில் ஓடுவதை அப்படியே படம் பிடித்து வைத்தார்கள். கினெஸ்கோப் என்று பெயர். படம் மங்கலாத்தான் இருக்கும். ஆனால் அது இல்லையென்றால் அந்தக் காலத்து டிவியில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. இந்தத் தொடர் 85 எபிசோடுகளோடு 1953 ஜூனில் முடிந்தது.

7/
அடுத்து 1955இல் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் தியேட்டர்'. தயாரிப்பாளர் ஐவன் டோர்ஸ். தொகுப்பாளர் ட்ரூமன் பிராட்லி ஒவ்வொரு வாரமும் மேசை மேல் ஒரு அறிவியல் சோதனையைச் செய்து காட்டிவிட்டுத்தான் கதைக்குள் போவார். முதல் சீசனை வண்ணத்தில் எடுத்தார்கள். அப்போ பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி! மொத்தம் 78 எபிசோடு.

8/
இரண்டுமே நல்ல முயற்சிகள். ஆனால் பக்கத்து வீட்டில் நடக்கும் அநியாயத்தைப் பற்றி அவை பெரிதாக வாய் திறக்கவில்லை. அது அந்த எழுத்தாளர்களின் பயம் மட்டும் இல்லை. அன்றைய டிவி யார் பணத்தில் ஓடியது என்று தெரிந்தால் காரணம் புரியும்.

9/
இன்றைக்கு ஒரு நிகழ்ச்சிக்கு நடுவில் பத்துப் பதினைந்து விளம்பரம் வருது. அன்றைக்கு பல நிகழ்ச்சிகளை ஒரே கம்பெனியோ இரண்டு மூன்று கம்பெனிகளோ மொத்தமாகத் தாங்கின. பணம் போடுபவர் கதையையும் படிப்பார். பிடிக்காத வரியை அடிப்பார். அரசாங்க சென்சார் தேவையே இல்லை.

10/
நான் மிகைப்படுத்தலை. செர்லிங் எழுதிய ஒரு நாடகத்தில் 'தீப்பெட்டி இருக்கா' என்று ஒருவர் கேட்கும் வரி. வெட்டிவிட்டார்கள். ஸ்பான்சர் லைட்டர் விற்கும் கம்பெனி!
இன்னொன்று சிரிக்க முடியாதது. 1959இல் நாஜிகள் மீதான நியூரம்பர்க் விசாரணை பற்றிய நாடகம் (இது வேறொருவர் எழுதியது). அதில் விஷவாயுக் கூடம் பற்றிப் பேசும் இடங்களில் 'கேஸ்' என்ற சொல்லை மட்டும் ஒலியில்லாமல் ஆக்கினார்கள். ஸ்பான்சர், எரிவாயு நிறுவனங்களின் சங்கம்.

11/
இப்போ செர்லிங்குக்கு வருவோம். 1924 டிசம்பர் 25 பிறப்பு. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தார். பாராசூட் படை. பிலிப்பைன்ஸில் போரிட்டுக் காயம்பட்டார். பக்கத்தில் நின்ற நண்பர்கள் சாவதைக் கண்ணால் பார்த்தவர். போர் முடிந்து பல வருஷம் கழித்தும் கெட்ட கனவில் அலறி எழுவார். அதைத் தாங்க முடியாமல்தான் எழுத ஆரம்பித்தார்.

12/
1955 ஆகஸ்ட். எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவன், சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்கு வந்திருந்தான். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்று சொல்லி அவனைக் கடத்தி, அடித்து, சுட்டுக் கொன்று ஆற்றில் போட்டார்கள். முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி, ஒரு மணி நேரம் சொச்சத்தில் கொலையாளிகளை விடுதலை செய்தது. சில மாதத்திலேயே 'ஆமாம், நாங்கதான் கொன்னோம்' என்று அவர்கள் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு!

13/
செர்லிங்குக்கு ரத்தம் கொதித்தது. நாடகம் எழுதினார். விஷயம் வெளியே தெரிந்ததும் தென்மாநில இனவாத அமைப்புகளிடமிருந்து எதிர்ப்புக் கடிதங்கள். ஸ்பான்சர் பயந்தார். கதை தெற்கில் நடக்கக் கூடாது, வடகிழக்கில் நடக்கட்டும். இறந்தவன் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன். மேசையில் கோகோ கோலா பாட்டில் கூட இருக்கக் கூடாது, அது தென்மாநிலத்தை நினைவுபடுத்துமாம்! 1956 ஏப்ரலில் ஒளிபரப்பானபோது அதில் எம்மெட் டில்லின் சுவடே இல்லை.

14/
மனுஷன் விடலை. 1958இல் வேறொரு நிகழ்ச்சிக்கு மறுபடி அதே கருவை எழுதினார். மறுபடி கத்தரி. இந்த முறை கதை 1870களுக்குப் போனது, கறுப்பினச் சிறுவன் மெக்சிகோக்காரன் ஆனான்.
அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அமெரிக்க அரசியல்வாதி பேச முடியாததை ஒரு செவ்வாய்க் கிரகவாசி தாராளமாகப் பேசலாம். அவனை எதிர்த்து யார் கடிதம் எழுதப் போறாங்க?

15/
1959 அக்டோபர் 2. சிபிஎஸ் சேனலில் 'தி ட்வைலைட் ஸோன்' தொடங்கியது. அதற்குச் சில நாள் முன்பு மைக் வாலஸ் என்ற பத்திரிகையாளர் பேட்டி எடுத்தார். இதில் சமூக விமர்சனம் எல்லாம் கிடையாது, வெறும் பொழுதுபோக்குத்தான் என்கிற மாதிரி செர்லிங் பதில் சொன்னார். அந்த எபிசோடுகளைப் பார்த்துவிட்டு அந்தப் பேட்டியைப் பாருங்க. முகத்தை எவ்வளவு அப்பாவியா வச்சிருக்கார்!

16/
உதாரணத்துக்கு மூன்று கதை. முடிவையும் சொல்லிடுவேன், பார்க்கணும்னு நினைக்கிறவங்க 20க்குத் தாவிடுங்க.
முதலாவது 1960 மார்ச்சில் வந்தது. மேப்பிள் என்ற தெருவில் மின்சாரம் போகிறது. 'நம்மில் ஒருத்தர் வேற்றுக்கிரகவாசி' என்று ஒரு வதந்தி. இரவு முழிச்சிருக்கிறவன் மேல் சந்தேகம், ரேடியோ வச்சிருக்கிறவன் மேல் சந்தேகம். ஒரே இரவில் அண்டை வீட்டாரே ஒருவரை ஒருவர் கொல்லத் துணிகிறார்கள். மலை மேலிருந்து இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்கள் செய்தது விளக்கை அணைத்தது மட்டும்தான்.
நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஞாபகம் வருதா?

17/
இரண்டாவது, மருத்துவனாக எனக்கு மிகவும் பிடித்தது. 1960 நவம்பர். ஒரு மருத்துவமனை. முகம் முழுக்கக் கட்டுப் போட்ட பெண். முகத்தைச் சரிசெய்ய இது பதினோராவது சிகிச்சை, கடைசி வாய்ப்பு. டாக்டர், நர்ஸ் முகங்களை நிழலிலேயே வைத்துக் காட்டுகிறார்கள். கட்டைப் பிரித்ததும் சிகிச்சை தோற்றுவிட்டது என்று டாக்டர் அதிர்கிறார். நம் கண்ணுக்கோ அவள் பேரழகி. விளக்கு போட்டதும் தெரிகிறது, டாக்டருக்கும் நர்ஸுக்கும்தான் பன்றி மூக்கு.

18/
பின்னணியில் டிவியில் ஒரு தலைவர், எல்லோரும் ஒரே மாதிரி இருக்கணும் என்று கத்திக்கொண்டே இருப்பார். கறுப்பு, வெள்ளை என்ற வார்த்தையே கதையில் வராது. ஆனால் தோலின் நிறத்துக்காக ஒரு சிறுவனைக் கொன்ற நாட்டில் இது யாருக்கான கதைன்னு நான் சொல்லத் தேவையில்லை. ஸ்பான்சர் வெட்டுவதற்கு அதில் ஒரு வரி கூடக் கிடைத்திருக்காது.

19/
மூன்றாவது, அவருடைய சொந்தக் காயம். பிலிப்பைன்ஸ், 1945. ஒரு இளம் அதிகாரிக்கு, இன்று சாகப்போகும் வீரர்களின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் தெரிகிறது. கடைசியில் கண்ணாடியில் தன் முகத்திலேயே அதைப் பார்க்கிறார். இன்று பிடிஎஸ்டி என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் மருத்துவப் புத்தகத்தில் ஏறுவதற்கு இருபது வருஷம் முன்னால் எழுதப்பட்ட கதை இது.

20/
ஐந்து சீசன், 156 எபிசோடு. அதில் 92ஐ எழுதியது செர்லிங் ஒருவரே. வாழ்நாளில் ஆறு எம்மி விருது. இதைப் பார்த்துத்தான் 1963இல் அமெரிக்காவில் 'தி அவுட்டர் லிமிட்ஸ்' வந்தது. 1965இல் பிபிசி கூட 'அவுட் ஆஃப் தி அன்னோன்' என்று விஞ்ஞானத் தனிக்கதைகளை எடுத்தது.
இத்தோடு முடித்தால் இது வெற்றிக் கதை. ஆனா நான் டாக்டர். ஆரம்பத்தில் கேட்ட மூன்று கேள்வி பாக்கி இருக்கு.

21/
முதல் சீசனில் கதை அறிமுகத்தில் செர்லிங்கின் குரல் மட்டும்தான் வரும். இரண்டாவது சீசனிலிருந்து அவரே திரையில் வந்து கதையை அறிமுகம் செய்தார். கறுப்பு சூட், இறுகிய உதடு, விரலிடுக்கில் பல சமயம் புகையும் சிகரெட். அப்போது ஸ்பான்சர்களில் ஒன்று சிகரெட் கம்பெனி. எபிசோடு முடிந்ததும் 'இந்த பிராண்டை வாங்குங்க' என்று சிபாரிசு செய்ததும் அவரே. ஒன்றை அணைக்கும் முன் அடுத்ததைப் பற்ற வைக்கும் ஆள்.

22/
அவரை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வெள்ளைக் கோட் போட்ட டாக்டர்களையே காட்டி சிகரெட் விற்ற காலம் அது. எங்கள் தொழிலும் அன்றைக்கு உரக்கப் பேசவில்லை. 1964 ஜனவரியில்தான் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், சிகரெட் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அறிக்கை வெளியிட்டார். அதே வருஷம்தான் 'ட்வைலைட் ஸோன்' முடிந்தது. டிவியில் சிகரெட் விளம்பரத்துக்கு அங்கே தடை வந்தது 1971 ஜனவரியில்.

23/
இன்னொரு கேள்வி, அப்பா. செர்லிங்கின் தந்தை 1945இல் மாரடைப்பில் இறந்தார். வயது 52. மகன் அப்போது பிலிப்பைன்ஸில். இறுதிச் சடங்குக்குப் போக விடுப்பு தரவில்லை.
அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்குள் இதய நோய் வந்திருந்தால், அது உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அதோடு சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

24/
1975 மே மாதம் செர்லிங்குக்கு மாரடைப்பு. கொஞ்ச நாளில் இன்னொன்று. ஜூன் 26இல் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் இதய அறுவை சிகிச்சை. மேசையிலேயே மறுபடி மாரடைப்பு. ஜூன் 28இல் இறந்தார். வயது 50. அப்பாவை விட இரண்டு வயசு குறைவு.

25/
1975இல் பைபாஸ் புதுசு. பலூன் வைத்து அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முதன்முதலில் செய்யப்பட்டது 1977இல். இன்று நாம் சர்வசாதாரணமாக எழுதித் தரும் ஸ்டாடின் மாத்திரை சந்தைக்கு வந்தது 1987இல். அந்த டாக்டர்கள் கையில் இருந்தது குறைவு. ஆனால் சிகரெட்டை விடுவதற்கு எந்தக் கண்டுபிடிப்புக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. அது அன்றைக்கும் முடியும்.

26/
எனக்கு இதில் மனசு உறுத்துவது இதுதான். ஸ்பான்சர் மறைக்கச் சொன்ன ஒவ்வொன்றையும் வேறு கிரகத்துக்குக் கொண்டுபோய்ச் சொன்னவர் அவர். இனவெறி, வதந்தி, போர், ஒரே மாதிரி இருக்கச் சொல்லும் அதிகாரம், எதையும் விடலை. ஆனால் ஸ்பான்சர் மறைக்காமல் கையிலேயே கொடுத்த ஒன்றைப் பற்றி அவருக்கு எழுதத் தோன்றவில்லை. எல்லோரும் செய்வது நம் கண்ணுக்குத் தப்பாகத் தெரியாது. அதையும் மேப்பிள் தெருவில் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான்.

27/
அதனால ரெண்டு வேண்டுகோள்.
ஒன்று, இந்த வாரக் கடைசியில் ஒரு பழைய 'ட்வைலைட் ஸோன்' எபிசோடு பாருங்க. 25 நிமிஷம்தான். பசங்களோட சேர்ந்து பாருங்க, முடிந்ததும் 'இது யாரைப் பற்றிய கதை' என்று அவங்ககிட்ட கேளுங்க.

28/
ரெண்டு, வீட்டில் யாராவது புகைத்தால் இந்தக் கதையைச் சொல்லுங்க. திட்ட வேண்டாம், கதை மட்டும் சொல்லுங்க. சிகரெட்டை விட்ட ஒரே வருஷத்தில், அதனால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. விடுவதற்கு உதவ மாத்திரைகளும் ஆலோசனையும் இருக்கு, பக்கத்து டாக்டரைக் கேளுங்க. அப்பாவுக்குச் சின்ன வயசிலேயே மாரடைப்பு வந்திருந்தால், உங்க பிபி, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பார்த்துடுங்க.